சிகிச்சை ஆவணம் கேட்பது தகராறு அன்று

பிரசவத்தின்போதோ பிறந்த சில வாரங்களிலோ குழந்தைக்கு நிலையான பாதிப்பு ஏற்பட்டால், "இது யாருடைய கவனக்குறைவு?" என்று பெற்றோர் கேட்பதை மருத்துவ உலகம் விரும்புவதில்லை. கேட்டவரைத் தகராறு செய்ய வந்தவராகப் பார்க்கும் வழக்கம் நம் மாவட்டத்திலும் உண்டு. அவ்வழக்கம் தவறு என்பதே எங்கள் உறுதியான கருத்து.

1996 ஆகஸ்டு இறுதியில், சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரங்களிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. பிறந்தபின், குறிப்பாக ஆக்சிஜன் செலுத்தப்படும்போது, அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிரித்துவிடக்கூடும். உரிய வாரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் பார்வையைக் காத்துவிடலாம். அக்குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யப்படவில்லை. செய்ய வேண்டுமென்று பெற்றோரிடம் சொல்லப்படவும் இல்லை. நான்கரை மாதத்தில் தடுப்பூசி போட வந்த வேறொரு மருத்துவரே முதலில் ஐயுற்றார். அமெரிக்கா வரை கொண்டு சென்றும் பார்வை திரும்பவில்லை.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 லட்சம் ரூபாய் வழங்கியது. தந்தை விடவில்லை. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், அதுவரை ஆன செலவுக்கு ஏறத்தாழ 43 லட்சமும் எதிர்கால மருத்துவச் செலவுக்கு 1.38 கோடியும் வழங்க ஆணையிட்டது. அதற்குள் குழந்தைக்கு வயது பதினெட்டைக் கடந்திருந்தது!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய் வந்தது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. பரிசோதிக்காததும் சொல்லாததுமே குற்றமாயின. பிறவி மூளைவாதம் போன்றவை பலவேளை கருவிலேயே தொடங்குகின்றன. எவ்வளவு கவனமாகப் பிரசவம் பார்த்தாலும் தடுக்க இயலாதவை அவற்றில் உண்டு. அது எது, இது எது என்று பிரித்தறிய ஆவணம் ஒன்றே வழி. ஆகவே பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, எழுத்து மூலம் விண்ணப்பித்துச் சிகிச்சைப் பதிவுகளின் நகலைப் பெறுவது. பிரசவ முன்னேற்ற வரைபடம், குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு, பிறந்தவுடன் எழுதிய குறிப்பு ஆகியவை முக்கியம். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை வைத்திருக்கும் கடமை 3 ஆண்டுகளுக்கே என்பதால் தாமதம் வேண்டா.

வழக்கென்றாலே சென்னைக்கு அலைய வேண்டும் என்று கறம்பக்குடியிலும் மணமேல்குடியிலும் பலர் எண்ணுகின்றனர். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது புதுக்கோட்டையிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். தாமதத்திற்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் பொறுத்துக்கொள்ளக்கூடும். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை எனில் கட்டணமில்லை. குழந்தைக்கு மட்டுமன்றி, பெற்றோரின் மனவேதனைக்கும் இழப்பீடு உண்டென 1998இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்திற்குள் வராது. அங்கு உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையோ வழி. சிலரிடமேனும் கட்டணம் பெறும் மருத்துவமனையாயின், இலவசமாகப் பெற்றவரும் நுகர்வோரே. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை அமர்த்தித் தரும். தொலைபேசி எண் 15100.

காவல் நிலையப் புகாரையும் வார்டில் கூச்சலையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மருத்துவர்மீது குற்றவழக்கு நிற்க மிகக் கடுமையான கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட வேண்டும். குழந்தையின் சிகிச்சைச் செலவுக்கோ அது உதவாது.

34 வாரங்களுக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தையோடு இவ்வாரம் வீடு திரும்பும் பெற்றோர், வெளியேற்றக் குறிப்பில் கண் பரிசோதனைக்கான நாள் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பிறந்த 30 நாள்களுக்குள் அது நடந்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே. எழுதப்படவில்லையெனில் படியிறங்குமுன் கேட்டு எழுதி வாங்குங்கள்.