கடலோடியும் கரையிலுள்ளோரும்

கடல் வாணிகத்தின் வரலாற்றைப் படிக்கும் நாம் வேந்தர் பெயர்களையும் வணிகர் ஈட்டிய பொருளையும் நினைவிற் கொள்கின்றோம். பாய் இழுத்தவனும் நங்கூரந் தூக்கியவனும் எவ்விதியின்கீழ் வாழ்ந்தனர் என வினவுவார் சிலரே. அவ்வினாவிற்கு விடை தரும் பழஞ்சட்டம் ஒன்றுண்டு. பிரான்சின் மேற்குக் கரையை அடுத்த ஒலெரோன் தீவின் பெயரால் அது வழங்குகின்றது. 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்ற அச்சட்டம், போர்தோ முதலிய துறைகளிலிருந்து திராட்சை மது ஏற்றிச் சென்ற கப்பல்களின் வழக்காற்றிற் பிறந்தது. பின்னர் இங்கிலாந்து முதலிய நாடுகளிலும் மதிக்கப்பட்டது.

துறைவிட்டுப் புறப்படுமுன் மீகாமன் காற்றின் நிலைபற்றித் தன் மாலுமிகளை வினவி, பெரும்பாலார் கருத்தின்படி ஒழுகுதல் வேண்டும் என்கிறது அது. நோயுற்ற மாலுமியைக் கரையிறக்கி, உறைவிடமும் விளக்கும் பணிவிடைக்கு ஒருவரும் கப்பலிற் பெற்ற உணவும் அளித்தல் வேண்டும். கப்பல் அவனுக்காகக் காத்திராது. ஆயினும் அவன் வேதனம் அழியாது. அவன் இறப்பின் அது மனைவிக்கோ சுற்றத்தார்க்கோ உரியது.

இச்சட்டத்தைக் குற்றமற்றதெனப் போற்றுதல் நம் கருத்தன்று. மீகாமனின் முதலடியை மாலுமி பொறுத்தல் வேண்டும் என்றும், கப்பலை அழிவுறச் செய்த வழிகாட்டியின் தலையைக் கொய்யலாம் என்றும் அதுவே கூறும். எனினும், நோயுற்ற உழைப்பாளியைத் தாங்குதல் ஈகையன்று, கடமையே என்னும் கொள்கையை அது நாட்டியது. 1823இல் அமெரிக்க நீதிபதி யோசேப் ஸ்டோரி, மாலுமியின் மருத்துவச் செலவு கப்பலையே சாரும் எனத் தீர்ப்பளித்தபோது பண்டைக் கடற்சட்டங்களையே துணைக்கொண்டார். கடல்சார் தொழிலாளருக்கென 2006இல் எழுந்த சர்வதேச சமவாயத்தை இலங்கையும் 2017இல் ஏற்றுக்கொண்டது.

ஆயின் 2020இல் கொள்ளைநோய் பரவியபோது நிகழ்ந்தது யாது? துறைகள் அடைபட்டன. ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையேற வழியின்றி ஏறக்குறைய 4,00,000 மாலுமிகள் கப்பல்களிலே தவித்தனர். நோயுற்றார் சிலர்க்குக் கரையில் மருத்துவரை நாடவும் இடங்கிடைத்திலது. அவர்கள் கொணர்ந்த உணவையும் மருந்தையும் ஏற்ற கரை, அவர்களை ஏற்கவில்லை. சட்டம் இல்லாமையால் விளைந்த தீங்கன்று இது. சட்டம் இருந்தும் கரையிலுள்ளோர் மறந்தமையால் விளைந்தது.

நம் மாணவரிற் சிலர் நாளை கப்பலேறலாம்; சிலர் துறைமுக அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் அமரலாம். ஏனையோர் அனைவரும் கடல் கடந்து வந்த பொருளை உண்போரே. நோயுற்ற மாலுமிக்கு ஒரு விளக்கேனும் தருக எனப் பணித்தது அப்பழஞ்சட்டம். அவ்விளக்கு அணையாது காத்தல் கரையிலிருக்கும் நம் அனைவர்க்கும் கடனாகும்.