எதிர்ப்பு சக்தியை ஏத்தினா சொரியாசிஸ் போயிடுமா?

சிறுசேரியிலிருந்து தாம்பரம் போகிற வழியெல்லாம் பாருங்கள், "இம்யூனிட்டியை ஏற்றும்" பொடி, கஷாயம், மாத்திரை விளம்பரம்தான். கொரோனாவுக்குப் பிறகு இந்த வியாபாரம் நன்றாகவே கொழுத்துவிட்டது. ஆனால் சொரியாசிஸ்காரர்களிடமும் இதையே விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மக்களே, சொரியாசிஸ் எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வருவதில்லை. காவல்காரனே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிற கதை அது. டி செல் என்கிற வெள்ளை அணுக்கள் தோலில் கூடி ஐ.எல்.-17, டி.என்.எஃப். போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. அதனால் தோல் செல்கள் தாறுமாறாகப் பெருகுகின்றன. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர சுமார் ஒரு மாதம் ஆக வேண்டும்; இங்கே நாலைந்து நாளில் வந்துவிடுகிறது. அதுதான் அந்த வெள்ளைச் செதில்.

ஆதாரம் வேண்டுமா? மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், டி செல்லை அடக்கும் மருந்து. அது சொரியாசிஸையும் தணிக்கிறது என்று 1979-லேயே தெரிந்துவிட்டது. 2013-ல் பெங்களூரு பயோகான் கொண்டுவந்த இடோலிசுமாப், டி செல்லின் மேலிருக்கும் சிடி6-ஐப் பிடித்து அடக்குகிறது. இரண்டுமே அடக்குகிற மருந்து. ஏற்றுகிற மருந்து இல்லை ஐயா!

சரி, ஒரேயடியாக அடக்கிவிடலாமா? அதுவும் கூடாது. தாம்பரம் சானடோரியம் 1928-ல் காசநோயாளிகளுக்காக வந்தது. அந்தக் காசநோய்க் கிருமி நம்மில் பலர் உடம்பில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி வேலி போட்டு வைத்திருப்பதும் இதே டி செல், இதே டி.என்.எஃப்.தான். டி.என்.எஃப்.பை முடக்கும் ஊசி போட்டால் வேலி சரியலாம். அதனால்தான் ஊசிக்கு முன்னால் காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள். பெயர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தாலோ, முதலில் ஆறின மாதிரி இருக்கும்; நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

இன்னொரு கொடுமை, "ரத்தம் கெட்டுப்போச்சு, ஒட்டிக்கும்" என்று தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது. இது ஒட்டாது. தொற்றாத நோய் என்று 2014-ல் உலக சுகாதார சபை தீர்மானமே போட்டது.

இனி யாராவது எதிர்ப்பு சக்தியை ஏற்றுகிறேன் என்று வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த செல்லை ஏத்தப் போறீங்க?" பதில் வராது. பையை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போய்ச் சேருங்கள்.