கண்ணாடித் தொட்டி மீனை ஏரியில் விடலாமா?

கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் குளங்களில் வலை இழுக்கும்போது, உடலெங்கும் எலும்புத் தகடு போர்த்த கருத்த மீன் சிலசமயம் சிக்குகிறது. வாய் அடிப்பக்கம் இருக்கும். அலங்கார மீன் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என விற்கப்படும் மீன்தான் இது. இதன் தாயகம் தென் அமெரிக்க ஆறுகள். 2020-ல் வாரணாசியில் கங்கையிலும் பிடிபட்டது.

கடல் தாண்டி இது தானாக வரவில்லை. தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும், கொல்ல மனமில்லாதவர்கள் ஏரியிலும் குளத்திலும் விட்டுவிடுகிறார்கள். ஒரு மீனுக்குக் காட்டும் இந்த இரக்கம், ஏரியைக் குத்தகை எடுத்த விவசாயியின் பிழைப்பைக் கெடுக்கிறது.

மிர்கால் தின்னும் அடிமண்டியை இதுவும் தின்கிறது. துடுப்பு முள் வலையைக் கிழிக்கிறது. முட்டையிடக் கரையில் வளை தோண்டுவதால் கரை சரிகிறது. காற்றையும் சுவாசிப்பதால் தண்ணீர் கெட்டாலும் எளிதில் சாவதில்லை. பிடித்தாலும் வாங்குவார் இல்லை.

ஏரியில் பரவிய பின் இதை ஒழிப்பது மிகக் கடினம். ஆகவே வருமுன் காப்பதே சிறந்தது. தண்ணீர் வரும் வழியில் சிறுகண் வலை கட்டவேண்டும். வாங்கும் குஞ்சுகளில் கலப்பு இருக்கிறதா என்று பார்த்தே விடவேண்டும். வலையில் வந்ததை மீண்டும் தண்ணீரில் எறியாமல் கொன்று புதைக்கவேண்டும்.

விவசாயி மட்டும் விழித்திருந்தால் போதாது. வேண்டாத மீனை விற்ற கடைக்காரரே திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் நியாயம்.