முதல் தொட்டி வாடினால் யார் பொறுப்பு?

வங்கியில் முப்பத்து நாலு வருஷம் கடன் கொடுத்து வசூல் செய்தவன் நான். இப்போது ஒன்றரை ஏக்கரில் விவசாயம். அந்தப் பழைய பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன், நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வீட்டுத்தோட்டம் போட ஆசையோடு வருகிறவர்களை நாம் பாதி வழியில் விட்டுவிடுகிறோம்.

போன சித்திரையில், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன் செய்தார். "சார், உங்க இயற்கை விவசாயமெல்லாம் மேடையில பேசத்தான் லாயக்கு. மாடியில இருபது பை வச்சேன், ஒண்ணும் தேறல. கடையில குருணை மருந்து வாங்கிட்டேன், போடப் போறேன்" என்றார். வீட்டில் பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிற காய்க்குக் குருணை மருந்தா? "நாளைக்கு வர்றேன், அதுவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லி, மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

மனிதர் சோம்பேறி இல்லை. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அதுதான் முதல் கோளாறு. பை முழுக்கத் தென்னைநார்க் கழிவு, மண்ணும் இல்லை, எருவும் இல்லை. நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஆனால் செடிக்குச் சோறு போடாது. வேர் ஈரத்தில் ஊறிக் கிடக்க, இலையெல்லாம் மஞ்சள். வெண்டையில் மாவுப்பூச்சி, அதைச் சுற்றி எறும்பு வரிசை. மாசியில் விதைத்த காலிஃபிளவர் வெயிலில் சுருண்டு கிடந்தது. சமவெளியில் அது ஆவணி, புரட்டாசியில் நாற்று விட்டுக் குளிர் மாசத்தில் எடுக்க வேண்டிய பயிர். பூசணி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது என்று வருத்தப்பட்டார். பார்த்தால் எல்லாம் ஆண் பூ. பூசணியில் ஆண் பூதான் முதலில் வரும், அடியில் குட்டிக் காயோடு பெண் பூ பிறகு வரும். இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"இந்த விதையெல்லாம் எங்க வாங்கினீங்க?" என்றேன். "தையில விதைத் திருவிழாவுல நீங்கதானே சார் கொடுத்தீங்க!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நிஜம்தான். பதினெட்டுப் பொட்டலம் அள்ளிக் கொடுத்தேன். மாடியில் எத்தனை மணி நேரம் வெயில் விழும், என்ன மண் வைத்திருக்கிறார், எந்த மாசம் விதைப்பார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வங்கியில் ஒரு கடன் வராக்கடன் ஆனால், கடன் வாங்கியவரை மட்டும் கேட்க மாட்டார்கள். "எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்?" என்று அதிகாரியையும் கேட்பார்கள். இங்கே கையெழுத்துப் போட்டவன் நான்.

அன்றைக்கே பைகளைக் கொட்டினோம். மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்து நிரப்பினோம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது என்று பேசிக்கொண்டோம். மாவுப்பூச்சி அப்பிய கிளைகளை வெட்டினோம். மீதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளித்தோம். புதுசாக விதைத்தது அரைக்கீரை மட்டும். ஒரு மாசத்துக்குள் கீரை கடைந்து சாப்பிட்டார். ஆடியில் வெண்டையும் கொத்தவரையும் போட்டார். "புரட்டாசி சனிக்கிழமைக்கு எங்க வீட்டு வெண்டைக்காய்தான் சார்" என்று அவர் சொன்னபோது குரலே வேறு. குருணை மருந்து பிரிக்காமலே கடைக்குத் திரும்பிப் போய்விட்டது.

"தோத்துத்தான் கத்துக்கணும்" என்று நம்மில் சிலர் சொல்வார்கள். விவசாயிக்கு அது சரி. ஒரு போகம் போனால் அடுத்த போகம் உண்டு, கேட்க வரப்பில் பக்கத்து வயல்காரர் உண்டு. டவுன்காரருக்குப் பக்கத்தில் இருப்பது மருந்துக்கடை மட்டும்தான். அவர் தோற்றால் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல மாட்டார், "இயற்கையில் விளையாது" என்பார். அதைப் பத்துப் பேரிடமும் சொல்வார்.

அதனால் என் கருத்து இதுதான். முதல் போகத்துக்கு ஒரு கீரை, வெண்டை, கொத்தவரை போதும். தக்காளி, கத்தரி, கொடி வகைகள் அடுத்த போகத்துக்கு. பழம் வேண்டும் என்பவருக்கு, மண்தரை இருந்தால் பப்பாளி கொடுக்கலாம். அதையும் குழிக்கு மூன்று கன்றாக வைக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும், ஆணா பெண்ணா என்பது பூத்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு பொட்டலத்திலும் விதைக்கும் மாசத்தை எழுதுவோம். வாங்குகிறவரின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு, பதினைந்தாம் நாள் நாமே கூப்பிட்டுக் கேட்போம்.

வருகிற தையில் என் மேசையில் ஆளுக்கு மூன்று பொட்டலம்தான். நாலாவது கேட்டால், முதல் மூன்றும் எப்படி விளைந்தது என்று கேட்பேன். பழைய கடனைப் பார்த்துவிட்டுத்தானே புதுக் கடன் கொடுப்போம்!