கரிமூட்டமும் கணக்கேடும்

நரிக்குடி வட்டாரத்துத் தோழர் ஒருவர் கரிமூட்டம் போடுகிறார். சீமைக் கருவேலை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள் கணக்கில் புகையிலே நின்று காக்கிறார். மூட்டை கட்டியபின் விலை சொல்பவர் யார்? அவரல்ல, வியாபாரி! மிளகாய் வற்றலுக்கும் இதே கதை, குதிரைவாலிக்கும் இதே கதை. உழைப்பு நம்முடையது, கணக்கேடு அடுத்தவர் கையில்!

அந்தக் கணக்கேட்டைக் கற்றுத் தரும் இடம் தொலைவிலே இல்லை. காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரி கண்டார். குடியிருந்த மாளிகையையே கல்விக்குக் கொடுத்தார். அந்த அடித்தளத்தின்மேல் 1985இல் எழுந்தது அழகப்பா பல்கலைக் கழகம். அங்கே மேலாண்மைக் கல்வி இன்று வங்கியியல், பன்னாட்டு வணிகம், சரக்குப் போக்குவரத்து எனக் கிளைவிட்டுத் தழைத்திருக்கிறது. கட்டடம் உண்டு, நூலகம் உண்டு, கணிப்பொறி உண்டு. அந்த வளர்ச்சி கண்டு நாம் மகிழ்கிறோம்.

ஆனால், கரிமூட்டக்காரர் மகனுக்கு அங்கே இடம் உண்டா என்று கேட்கிறோம். நரிக்குடியில் ரயிலேறி மானாமதுரை வழியாகக் காரைக்குடி போகலாம். தண்டவாளம் இருக்கிறது, தடுப்பது தூரமல்ல, துட்டு!

2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டிலே அகப்பட்டவை இரண்டு: ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று நம் விருதுநகர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் வந்தன. வரவேற்றோம். ஆனால் அவை முதல் பட்டத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. மேலாண்மைப் படிப்போ அதற்கு அடுத்த படி. ஏணி கொடுத்தவர்கள் கடைசிப் படியை மறக்கலாமா?

நாம் கேட்பவை மூன்றே. முதற்பட்டத்தோடு நில்லாமல் மேலாண்மைப் பட்டம்வரை உதவித்தொகை நீளட்டும். வறண்ட வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு விடுதியில் கட்டணமின்றி இடம் கிடைக்கட்டும். மேலாண்மை மாணவர்கள் ஆண்டுதோறும் நரிக்குடிக்கு வந்து, கரியும் வற்றலும் எங்கே எப்படி விலை ஏறுகின்றன என்பதை ஆராய்ந்து, உழைப்பவர் படிக்கத் தமிழிலே எழுதித் தரட்டும்.

தோழர்களே, இதை ஊர்க்கூட்டங்களில் தீர்மானமாக்குங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள். பல்கலைக் கழகத்தின் பெருமை மாடிகளின் எண்ணிக்கையில் இல்லை. கரி படிந்த கையொன்று தன் சரக்குக்குத் தானே விலை எழுதும் நாளிலே இருக்கிறது!