களிற்றைத் தொலைத்த கண்ட்ரோல் எஃப்

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, வேற வேலை வெட்டி இல்லாம, மதுரைத் திட்டத்துல இருந்து எட்டுத்தொகை, பத்துப்பாட்டு மொத்தத்தையும் இறக்கி ஒரே கோப்பா ஒட்டினேன். கண்ட்ரோல் எஃப் தட்டி 'யானை'ன்னு தேடினேன். அப்புறம் புலி, குரங்கு, குதிரை. எக்செல்ல போட்டு கலர் கலரா பட்டை வரைஞ்சு, 'சங்கத் தமிழன் அதிகம் பாடிய விலங்கு எது?'ன்னு தலைப்பும் வெச்சாச்சு. பதிவா போடறதுக்கு முன்னாடி, எனக்குப் பள்ளிக்கூடத்துல தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயாகிட்ட காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு ரெண்டு நிமிஷம் பார்த்தார்.

"தம்பி, களிறு எங்கப்பா?"

"ஐயா... அது வந்து..."

"பிடி? வேழம்? எல்லாத்தையும் காட்டுக்குள்ள விரட்டிட்டியா?"

அந்தப் பட்டைப் படம் இப்ப குப்பைத் தொட்டியில. வந்த எண்ணிக்கையை இங்க போட மாட்டேன், வெட்கமா இருக்கு :-)

வீட்டுக்கு வந்து களிறுன்னு தேடினேன். அங்கயும் ஆப்பு. 'களிறு'ன்னு தட்டினா 'களிற்றை', 'களிற்றின்' எதுவும் வராது, வேற்றுமை உருபு சேர்ந்ததும் றகரம் இரட்டிச்சிடுது இல்லையா. 'பிடி'ன்னு தட்டினா கைப்பிடி, பிடித்தது எல்லாம் வந்து குவியுது. வேங்கை? அது புலியும் தான், மரமும் தான். வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கற பாறை புலிக்குட்டி மாதிரி தெரியுதுன்னு குறுந்தொகையில ஒரு பாட்டே இருக்கு (47). அந்தப் பாறையைப் பார்த்து ஏமாந்தவங்க வரிசையில இப்ப என் கம்ப்யூட்டரும் சேர்ந்தாச்சு. 'மா' பக்கம் நான் போகவே இல்லை. குதிரை, பொதுவா விலங்கு, மாமரம், பெரிய, கருத்த, நில அளவு... ஆளை விடுங்க.

இன்னொண்ணு, இது ஐயா சொன்னது. களிறுன்னா ஆண் யானைதானேன்னு நாம நினைக்கிறோம். தொல்காப்பியம் மரபியல் ஆண் பன்றியையும் களிறுன்னு சொல்லலாம்னு அனுமதிக்குது. அப்ப களிற்றை எல்லாம் எண்ணி முடிச்சாலும் அது யானைக் கணக்கு ஆகாது. ஒவ்வொரு பாட்டையும் படிச்சாகணும்.

சரி, ஒரு வெட்டி ஆராய்ச்சி சொதப்பினதுக்கு இவ்வளவு புலம்பலான்னு கேக்கறீங்களா? யானை எண்ணிக்கை தப்பானா யாருக்கும் நஷ்டமில்லை. ஆனா இதே வழியில பெரிய பெரிய தீர்ப்பு எல்லாம் வருது. "சங்க இலக்கியத்தில் இந்தச் சொல்லே கிடையாது, ஆகவே அந்த வழக்கமே அப்போ கிடையாது" - எத்தனை வாட்ஸப் பார்வர்டு இப்படி பார்த்திருப்பீங்க? சாதி, கடவுள், சாப்பாடு, உடை, எல்லாத்துக்கும் இந்த ஒரே ஆயுதம்தான். தேடல் பெட்டி பூஜ்யம்னு சொல்லிச்சு, ஆகவே வரலாறும் பூஜ்யம். 'பொன்'னுன்னு தேடறவனுக்குப் பொற்கொல்லன் சிக்க மாட்டான், பொலந்தொடியும் சிக்காது. புணர்ச்சி விதி பத்தாங்கிளாஸ் மார்க்குக்காகன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம் பாருங்க.

அதோட, இருக்கறதுதான் தேடலில் சிக்கும். சங்கப் பாட்டு இப்ப நம்ம கையில இருக்கறது 2381. புறநானூற்றுல 267, 268 ரெண்டும் கிடைக்கலை. பதிற்றுப்பத்துல முதல் பத்தும் கடைசிப் பத்தும் போச்சு. புறநானூற்றுல பல பாட்டு வரி சிதைஞ்சு, அச்சுப் புத்தகத்துல புள்ளி புள்ளியா நிக்கும். அந்தப் புள்ளிக்குள்ள என்ன இருந்துச்சோ.

இன்னும் பெரிய இழப்பு ஒண்ணு இருக்கு. உ.வே.சா. 1894ல புறநானூற்றைப் பதிப்பிச்சப்ப பல ஏடுகளை ஒப்பிட்டு, இந்தச் சொல்லு இன்னொரு ஏட்டுல வேற மாதிரி இருக்குன்னு அடிக்குறிப்புல குறிச்சு வெச்சார். அதுக்குப் பேர் பாடபேதம். நாம இணையத்துல தேடற பாட்டுல பொதுவா அடிக்குறிப்பு இல்லை. ஏதோ ஒரு பாடம் மட்டும் நிக்குது, அதுவே கல்லுல வெட்டினது மாதிரி ஆயிடுது. ஏவா வில்டன் 2008ல நற்றிணையையும் 2010ல குறுந்தொகையையும் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிச்சாங்க. நம்மள்ல எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்திருக்கோம்? நான் இல்லை.

இதைப் படிச்சிட்டு மதுரைத் திட்டத்தைக் குறை சொல்றேன்னு யாரும் கிளம்பிடாதீங்க. 1998 பொங்கலுக்கு, சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம் ஆரம்பிச்சு வெச்ச வேலை. ஊர் ஊரா உக்காந்து ஆர்வலர்கள் சம்பளமில்லாம தட்டச்சு பண்ணி, இன்னொருத்தர் பிழை பார்த்து ஏத்தினது. அது இல்லேன்னா என்னை மாதிரி ஆளுக்கு பத்துப்பாட்டு பேரோட சரி. அதே மாதிரி ப.பாண்டியராஜாவோட தமிழ்த் தொடரடைவு. சொல்லுக்குச் சொல் வரியோட எடுத்துக் கொடுக்குது. முதல்லயே அங்க போயிருந்தா மானம் தப்பிச்சிருக்கும். போனாலும், எந்தப் பிடி யானை, எந்தப் பிடி கைப்பிடின்னு வரியைப் படிச்சுத்தான் முடிவு பண்ணணும், அது வேற விஷயம்.

என் கோபம் வேற இடத்துல. இந்தப் பதிவுல நான் சொன்ன எதுவும் தமிழ்த்துறைக்குப் புதுசு இல்லை. புணர்ச்சி, பாடபேதம், ஒருசொல் பலபொருள் எல்லாம் அவங்களுக்கு அரிச்சுவடி. ஆனா அது கருத்தரங்கத்துக்குள்ளயே சுத்துது. ஆய்வேடுகள் சோத்கங்காவுல கிடக்குது, நல்ல விஷயம்தான். ஆனா பல தமிழ் ஆய்வேடு வெறும் ஸ்கேன் படம், இல்லேன்னா ஏதோ பழைய எழுத்துருவுல அடிச்சது. தலைப்பைத் தாண்டி உள்ள தேடினா ஒண்ணும் அகப்படாது. நம்ம வரிப்பணத்துல படிச்சு எழுதினது. அதை யூனிகோடுல கொடுக்கறதுக்கு என்ன தயக்கம்?

ஒரு பேராசிரியர்கிட்ட இதைக் கேட்டேன். "திறந்து விட்டா ஆளாளுக்கு எடுத்துக் கண்டதையும் எழுதுவாங்க சார்"னார். இப்ப மட்டும் என்ன எழுதாமலா இருக்காங்க? சரியான சரக்கு பூட்டிக் கிடக்குது, அதனால தப்பான சரக்கு தெருவுல ஓடுது. பார்வர்டைப் பார்த்து ஸ்டாஃப் ரூம்ல சிரிக்கறவங்க, ஏன் தப்புன்னு நாலு வரி பொதுவுல எழுதலாம் இல்லையா? எங்க ஐயா ரெண்டே கேள்வியில என்னைத் திருத்தினார். அதுக்கு அவருக்குக் கருவி எதுவும் தேவைப்படலை, கண்ணாடியைத் தவிர.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. "தேடினேன், இல்லை"ன்னு எழுதும்போது எந்தக் கோப்புல, என்னன்னு தட்டித் தேடினோம்னு ஒரு வரி சேர்க்கறதே இல்லை. நானே சேர்த்ததில்லை. இனிமே சேர்க்கறேன்.

இப்ப புறநானூற்றை மட்டும் எடுத்துக்கிட்டு, உ.வே.சா. பதிப்பைப் பக்கத்துல வெச்சு, பாட்டு பாட்டா படிச்சு யானையைக் குறிச்சுக்கிட்டு வர்றேன். பாடபேதத்துக்குத் தனி பத்தி. நாப்பதாவது பாட்டு வரைக்கும் வந்தாச்சு. நேத்து ஐயாகிட்ட பெருமையா காட்டினேன். பார்த்துட்டு, "நல்லது தம்பி. குரங்குன்னு தேடினியே, மந்தியும் கடுவனும் என்னாச்சு?"ன்னார்.