தீ மட்டும்

ஜப்பானின் சட்சுமா மட்கலங்களைக் கண்டோர் எளிதில் மறவார். தந்தம் போன்ற நிறம். மேனியெங்கும் மயிரிழை ஒத்த நுண்ணிய வெடிப்புகள். அவற்றின்மேல் பொன்னும் பல வண்ணமும் கொண்டு தீட்டிய மலர்கள். மாணவச் செல்வங்களே, அவ்வெடிப்புகளைப் பழுதென்று எண்ணிவிடாதீர்கள். சூளையில் உருகிக் கண்ணாடி போலாகும் மெருகுப் பூச்சு, ஆறும்போது அடியிலுள்ள மண்ணைவிட மிகுதியாகச் சுருங்குகின்றது. அதனால் வலைபோற் பிளக்கின்றது. அதனை அணியாக்கிக் கொண்டனர் குயவர்கள்.

அக்குயவர்கள் யாவர்? டொயோடோமி ஹிதெயோஷி 1592-இலும் 1597-இலும் கொரியாவின்மீது படை செலுத்தினார். மீண்டு வந்த படைத்தலைவர்கள் கொரியக் குயவர்களையும் பிடித்து வந்தனர். ஷிமாசு யோஷிஹிரோ என்பார், குயவர் உள்ளிட்ட ஏறக்குறைய 80 கொரியரை 1598-இல் தென்கோடியிலுள்ள தம் சட்சுமாவுக்குக் கொணர்ந்தார். தொடக்கத்தில் தாயகத்து மண்ணையும் பூச்சையும் கொண்டே அவர்கள் வெண்ணிறக் கலங்களை வனைந்தனர். அக்கலங்களுக்கு ‘ஹிபகாரி’ என்று பெயர். ‘தீ மட்டும்’ என்பது அதன் பொருள். மண்ணும் பூச்சும் வனைந்த கையும் கொரியாவினுடையவை. ஜப்பான் தந்தது நெருப்பு ஒன்றே! ஒரு சொல்லுக்குள் இத்துணை நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர்கள் குடியமர்த்தப்பெற்ற நயேஷிரொகாவா என்னும் ஊரில் கொரியப் பெயரும் உடையும் மொழியும் நெடுங்காலம் நிலவின. அயல்நாட்டில் வாழும் நமக்கு உடனே அவர்களை வாழ்த்தத் தோன்றும். நான் சற்றுத் தயங்குகின்றேன். ஜப்பானியப் பெயர் சூடலாகாது என்று அவர்களைத் தடுத்தவர் சட்சுமாவின் ஆட்சியாளரே. கரையொதுங்கிய கொரியக் கப்பல்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் அவர்களுக்கு வேண்டியிருந்தனர். 1868-க்குப் பின் பழைய ஆட்சி ஒழிந்தது. அவ்வூரில் 1882-இல் பாக் என்னும் குடிப்பெயருடன் பிறந்த குழந்தைக்கு 1886-இல் டோகோ என்னும் ஜப்பானியக் குடிப்பெயர் வாய்த்தது. அக்குழந்தையே 1941-இலும் 1945-இலும் ஜப்பானின் வெளியுறவு அமைச்சராயிருந்த டோகோ ஷிகெனோரி. பெயரை மாற்றிய அத்தந்தையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தம் மக்கள் இகழ்ச்சியின்றி வாழவேண்டும் என்று விரும்பாத பெற்றோர் உண்டோ?

ஆயினும், கட்டளை நீங்கிய பின்னரும் பெயரை விடாத குடும்பம் ஒன்று அங்கு உண்டு. கொரிய மொழியில் ஷிம் சு-க்வான், ஜப்பானிய ஒலிப்பில் சின் ஜுகான். அக்குடும்பத்தின் 12-ஆம் தலைமுறையினர் படைத்த பெருஞ்சாடிகள் 1873-ஆம் ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியில் மேலைநாட்டாரை வியக்கச் செய்தன. இன்று மியாமா எனப்படும் அதே ஊரில் 15-ஆம் தலைமுறையினர் வனைந்து வருகின்றனர். இப்பெயரை வைத்துக்கொள்ளுமாறு இப்போது அவர்களை ஏவுவார் எவருமிலர். என் மதிப்பு முழுவதும் இதற்கே உரியது.

பெற்றோரே, அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளுடன் செல்லும்போது இத்தகைய கலம் ஒன்றைக் காண நேரலாம். ‘ஜப்பான், சட்சுமா’ என்ற அளவில் குறிப்பு நின்றிருந்தால், ‘ஹிபகாரி’ என்னும் சொல்லையும் அவர்கட்குச் சொல்லுங்கள்.